மாறுவதும் மாறாததும்: பிளஸ் ஒன் இயற்பியல் கற்றுத்தருவது

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் இயற்பியல் தனிப் பாடமாகத் தொடங்குவது பதினொன்றாம் வகுப்பில். பத்தாம் வகுப்புவரை அறிவியல் என்ற ஒரே புத்தகத்தில் வேதியியலோடும் உயிரியலோடும் சேர்ந்திருந்த பாடம், மேல்நிலை முதலாம் ஆண்டில் இரண்டு தொகுதிகளாக, பதினோரு அலகுகளாக விரிகிறது. அளவீட்டில் தொடங்கி இயக்கவியல், இயக்க விதிகள், வேலை ஆற்றல் திறன், திண்மப் பொருள்களின் இயக்கம், ஈர்ப்பியல், பருப்பொருளின் பண்புகள், வெப்ப இயக்கவியல், வாயுக்களின் இயக்கவியற் கொள்கை, அலைவுகள் என்று வளர்ந்து அலைகளில் முடிகிறது. மின்சாரமும் காந்தமும் ஒளியும் அணுவும் அடுத்த ஆண்டுக்கு உரியவை.

பொருளடக்கத்தைப் புரட்டும் மாணவருக்கு இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத பதினோரு பாடங்களாகத் தோன்றலாம். தேர்வுக்குத் தயாராகும்போது அப்படித்தான் படிக்கவும் படுகின்றன. ஆனால் இந்த வரிசைக்குள் ஒரே இழை ஓடுகிறது. இயற்கையில் இடம், வேகம், அழுத்தம், வெப்பநிலை என எல்லாமே மாறிக்கொண்டிருக்கின்றன. அந்த மாற்றங்களை எண்ணால் அளப்பது இயற்பியலின் முதல் வேலை. அளந்த எண்களுக்கு இடையே மாறாமல் நிற்பது எது என்று கண்டுபிடிப்பது இரண்டாவது வேலை. பதினோரு அலகுகளும் இந்த இரண்டு வேலைகளையே வெவ்வேறு களங்களில் செய்துகாட்டுகின்றன.

அளவீடு

எந்த அளவும் ஓர் எண்ணும் ஓர் அலகும் சேர்ந்தது. 1960இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு அலகு முறையில் ஏழு அடிப்படை அலகுகள் உள்ளன: மீட்டர், கிலோகிராம், வினாடி, ஆம்பியர், கெல்வின், மோல், கேண்டலா. மற்ற எல்லா அலகுகளும் இவற்றிலிருந்து பிறப்பவை. இந்த ஏழும் எதை நம்பி நிற்கின்றன என்பதில்தான் பாடத்தின் முதல் செய்தி இருக்கிறது. கிலோகிராம் என்பது 1889 முதல் பாரிஸுக்கு அருகே பாதுகாக்கப்பட்ட ஒரு பிளாட்டினம் இரிடியம் உருளையின் நிறையாக இருந்தது. அதன் படிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, நூறாண்டில் மிக நுண்ணிய வேறுபாடுகள் தெரிந்தன. அளவுகோலே மாறினால் எதையும் அளக்க முடியாது. ஆகவே 2019 மே 20 முதல் கிலோகிராம் பிளாங்க் மாறிலியைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. மீட்டர், ஒளியின் வேகமான வினாடிக்கு 29,97,92,458 மீட்டர் என்ற மாறிலியைச் சார்ந்தது. சீசியம் அணுவின் குறிப்பிட்ட கதிர்வீச்சு 919,26,31,770 முறை அதிரும் நேரமே ஒரு வினாடி.

அலகில் கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1999இல் நடந்த ஒரு நிகழ்வு சான்று. செவ்வாயின் தட்பவெப்பத்தை ஆராய நாசா அனுப்பிய விண்கலம், கோளை நெருங்கிய வேளையில் இழக்கப்பட்டது. உந்துவிசைக் கணக்கை ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் தர, மற்றொன்று அதை நியூட்டன் அலகென்று எடுத்துக்கொண்டதே காரணம்.

ஆய்வகத்தில் மாணவர் முதலில் கையில் எடுப்பது வெர்னியர் அளவி. அதன் முதன்மைக்கோல் மில்லிமீட்டராகப் பிரிக்கப்பட்டிருக்கும். நகரும் வெர்னியர் கோலில் உள்ள 10 பிரிவுகள் முதன்மைக்கோலின் 9 பிரிவுகளுக்குச் சமம். ஒரு முதன்மைப் பிரிவுக்கும் ஒரு வெர்னியர் பிரிவுக்கும் உள்ள வேறுபாடு 0.1 மில்லிமீட்டர். இதுவே அதன் மீச்சிற்றளவு. உலோகக் குண்டு ஒன்றைத் தாடைகளுக்கு இடையே பிடிக்கும்போது வெர்னியரின் சுழி 2.3 சென்டிமீட்டரைத் தாண்டி நிற்கிறது, ஆறாவது கோடு முதன்மைக்கோலின் ஏதோ ஒரு கோட்டோடு சரியாகப் பொருந்துகிறது என்றால் விட்டம் 2.36 சென்டிமீட்டர். அந்த விடையை 2.3600 என்று எழுதுவது பிழை. கருவி அளக்காத நுட்பத்தை எழுதுபவர் சேர்க்கக் கூடாது. முக்கிய எண்ணுருக்கள் என்ற பாடப்பகுதி கற்றுத்தரும் நேர்மை இதுதான்.

பரிமாணப் பகுப்பாய்வு அடுத்த கருவி. சமன்பாட்டின் இரு பக்கங்களிலும் நீளம், நிறை, காலம் ஆகியவை ஒரே படியில் இருக்க வேண்டும் என்ற ஒரே விதியைக் கொண்டு, ஊசலின் அலைவுக்காலம் அதன் நீளத்தின் இருமடி மூலத்துக்கு நேர்த்தகவில் இருக்கும் என்று பரிசோதனை செய்யாமலே சொல்லிவிடலாம். அதே முறையால் அந்தச் சமன்பாட்டில் உள்ள 2π என்ற எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு முறையின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே அறிவதும் பாடத்தின் பகுதியே.

இயக்கம்

ஓடும் பொருளை விவரிக்க இடப்பெயர்ச்சி, திசைவேகம், முடுக்கம் என்ற மூன்று அளவுகள் போதும். மூன்றும் வெக்டர்கள், அளவோடு திசையும் உடையவை. சீரான வேகத்தில் வளைவில் திரும்பும் பேருந்துக்கும் முடுக்கம் உண்டு என்பது இந்த இடத்தில்தான் மாணவருக்குப் புலப்படுகிறது. வேகத்தின் அளவு மாறாவிட்டாலும் திசை மாறுகிறது.

விழும் பொருளின் கணக்கை முதலில் ஒழுங்காகப் போட்டவர் கலிலியோ. நேராக விழும் பொருள் அவருடைய காலத்துக் கருவிகளுக்கு எட்டாத விரைவில் விழுந்தது. ஆகவே சாய்தளத்தில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் வெண்கலக் குண்டை உருட்டி விழுதலை மெதுவாக்கினார். ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஒழுகிய நீரை எடைபோட்டு நேரத்தை அளந்தார். 1638இல் வெளியான அவருடைய நூல் இதை விவரிக்கிறது. அவர் கண்ட முடிவை இன்றைய எண்களில் சொன்னால், தடையின்றி விழும் கல் முதல் வினாடியின் முடிவில் 4.9 மீட்டரும், இரண்டாவதன் முடிவில் 19.6 மீட்டரும், மூன்றாவதன் முடிவில் 44.1 மீட்டரும் விழுந்திருக்கும். ஒவ்வொரு வினாடியிலும் தனித்தனியே கடந்த தொலைவு 4.9, 14.7, 24.5. இவற்றின் விகிதம் 1:3:5. தொலைவு மாறுகிறது, வேகமும் மாறுகிறது. முடுக்கம் மட்டும் மாறவில்லை. 1971இல் அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் காற்றில்லாத நிலவின் தரையில் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாக விட்டபோது இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. முடுக்கம் நிறையைச் சார்ந்ததில்லை என்பதற்கு அது கண்கூடான நிரூபணம்.

எறிபொருளின் இயக்கம் இதன் விரிவு. கிடைத்தளத்தில் மாறாத வேகம், செங்குத்தில் மாறாத முடுக்கம் என இரண்டு எளிய இயக்கங்கள் ஒன்றையொன்று பாதிக்காமல் சேர்ந்து பரவளையத்தைத் தருகின்றன. காற்றுத் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால் 45 பாகையில் எறிந்த பொருள் மிகத் தொலைவில் விழும். 30 பாகையிலும் 60 பாகையிலும் அதே வேகத்தில் எறிந்தவை ஒரே தொலைவில் விழும்.

விசையும் உந்தமும்

ஓடுவதற்கு விசை வேண்டும் என்பது அரிஸ்டாட்டில் காலத்துக் கருத்து. மாட்டுவண்டியைப் பார்ப்பவருக்கு அது சரியாகவே படும். 1687இல் வெளியான நியூட்டனின் பிரின்சிபியா இந்தக் கருத்தைத் திருப்பிப்போட்டது. ஓடும் பொருள் ஓடிக்கொண்டிருக்க எந்த விசையும் தேவையில்லை. இயக்கநிலை மாறுவதற்குத்தான் விசை தேவை. வண்டியை நிறுத்துவது உராய்வு என்ற விசை. முதல் விதி இதைச் சொல்கிறது. உந்தம் மாறும் வீதமே விசை என்று இரண்டாம் விதி அதற்கு அளவு தருகிறது. விசைகள் எப்போதும் இணைகளாகவே வரும் என்கிறது மூன்றாம் விதி.

மூன்றாம் விதியில் மாணவர் அடிக்கடி தவறுவது ஓரிடத்தில். மேசைமேல் இருக்கும் புத்தகத்தைப் புவி கீழே இழுக்கிறது, மேசை மேலே தள்ளுகிறது. இரண்டும் சமமாகவும் எதிராகவும் இருப்பதால் இவையே செயலும் எதிர்ச்செயலும் என்று எழுதிவிடுவதுண்டு. இரண்டு விசைகளும் ஒரே புத்தகத்தின் மேல் செயல்படுகின்றன. மூன்றாம் விதி சொல்லும் இணையோ எப்போதும் இரண்டு வேறு பொருள்களின் மேல் செயல்படும். புவி புத்தகத்தை இழுப்பதற்கு இணை, புத்தகம் புவியை இழுப்பது. ஒவ்வொரு பொருளையும் தனியே பிரித்து அதன்மேல் உள்ள விசைகளை மட்டும் அம்புக்குறிகளால் வரையும் தனித்த பொருள் விசைப்படம் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே கற்பிக்கப்படுகிறது.

உராய்வு இல்லாமல் நடக்கவோ வண்டியைத் திருப்பவோ முடியாது. சமதளச் சாலையின் வளைவில் வண்டிக்கு வேண்டிய மையநோக்கு விசையைத் தருவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான நிலை உராய்வு. வளைவின் ஆரம் 50 மீட்டர், உராய்வுக் குணகம் 0.6 என்று கொண்டால் சறுக்காமல் திரும்பக்கூடிய பெரும வேகம் மணிக்குச் சுமார் 62 கிலோமீட்டர். மழையில் குணகம் 0.3 ஆகக் குறைந்தால் அது மணிக்கு 44 கிலோமீட்டராக இறங்கிவிடும். கணக்கில் வண்டியின் நிறை இருபுறமும் நீங்கிவிடுவதால், அதே குணகம் இருக்கும்வரை சுமையேற்றிய லாரிக்கும் காலி லாரிக்கும் சறுக்கல் எல்லை ஒன்றே.

இரண்டாம் விதியையும் மூன்றாம் விதியையும் இணைத்தால் பாடத்தின் முதல் பெரிய மாறாமை கிடைக்கிறது. வெளிவிசை இல்லாத அமைப்பில் ஒன்று பெறும் உந்தம் மற்றொன்று இழந்ததே. மொத்த உந்தம் மாறாது. தோட்டா பாயும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைப்பதும், வாயுவைப் பின்னால் தள்ளி ராக்கெட் முன்னேறுவதும் இந்த விதியால்தான். தள்ளுவதற்குக் காற்று வேண்டியதில்லை என்பதால் ராக்கெட் வெற்றிடத்திலும் இயங்குகிறது.

வேலையும் ஆற்றலும்

இயக்கத்தின் அளவு வேகத்தைப் பொறுத்ததா, வேகத்தின் இருமடியைப் பொறுத்ததா என்ற வாதம் ஐரோப்பாவில் பல பத்தாண்டுகள் நடந்தது. டச்சு இயற்பியலாளர் வில்லெம் ஸ்கிராவெசாண்டே 1720களில் மென்களிமண்ணின் மேல் பித்தளைக் குண்டுகளை வெவ்வேறு உயரங்களிலிருந்து விழவிட்டார். இருமடங்கு வேகத்தில் விழுந்த குண்டு நான்கு மடங்கு பள்ளம் பறித்தது. பிரின்சிபியாவைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த எமிலி து ஷாத்லே இந்தச் சோதனையின் பொருளை உணர்ந்து 1740இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துரைத்தார். இன்று இயக்க ஆற்றல் என்று படிக்கப்படும் அளவு இப்படித்தான் உருப்பெற்றது.

சாலையில் இதன் விளைவு கடுமையானது. பிரேக் தரும் எதிர்முடுக்கம் வினாடிக்கு வினாடி 6 மீட்டர் என்று கொண்டால், மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் வண்டி சுமார் 10 மீட்டரில் நின்றுவிடும். மணிக்கு 80 கிலோமீட்டரில் வருவது நிற்க 41 மீட்டர் வேண்டும். வேகம் இரட்டித்தால் நிற்கும் தொலைவு நான்கு மடங்காகும்.

உயரத்தில் உள்ள பொருளுக்கு நிலை ஆற்றல், விழும்போது அது இயக்க ஆற்றலாகிறது, கூட்டுத்தொகை மாறுவதில்லை. வீட்டு மின்கட்டணத்தில் வரும் ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி, 36 லட்சம் ஜூல். இழப்பே இல்லாமல் அதைப் பயன்படுத்த முடிந்தால் ஒரு டன் எடையுள்ள காரை 367 மீட்டர் உயரத்துக்குத் தூக்கலாம். ஆற்றல் எவ்வளவு விலைமதிப்புள்ள பொருள் என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லும்.

சுழற்சி

உருவமுள்ள பொருள் நகர்வதோடு சுழலவும் செய்யும். நேர்க்கோட்டு இயக்கத்தில் வந்த ஒவ்வோர் அளவுக்கும் இங்கே ஓர் இணை உண்டு. விசைக்குத் திருப்பு விசை, நிறைக்கு நிலைமத் திருப்புத்திறன், உந்தத்துக்குக் கோண உந்தம். நிலைமத் திருப்புத்திறன் நிறையை மட்டும் சார்ந்ததில்லை. அந்த நிறை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் சார்ந்தது. சாய்தளத்தின் உச்சியிலிருந்து ஒரு திண்மக் கோளத்தையும் ஒரு வட்டத் தட்டையும் ஒரு வளையத்தையும் ஒரே நேரத்தில் உருளவிட்டால் கோளம் முதலிலும் தட்டு அடுத்தும் வளையம் கடைசியிலும் வந்துசேரும். எது கனமானது, எது பெரியது என்பதெல்லாம் இந்த வரிசையை மாற்றாது. வளையத்தின் நிறை முழுவதும் விளிம்பில் இருப்பதால் கிடைத்த ஆற்றலில் சரிபாதி சுழற்சிக்குப் போய்விடுகிறது.

வெளித் திருப்பு விசை இல்லாதபோது கோண உந்தம் மாறாது. பனிச்சறுக்கு நடனமாடுபவர் விரித்த கைகளை உடலோடு ஒட்டி மடக்கியதும் சுழற்சி வேகம் கூடுவது இதனால்தான்.

ஈர்ப்பு

டைக்கோ பிராஹே தொலைநோக்கி இல்லாத காலத்தில் வெறுங்கண்ணால் குறித்துவைத்த கோள்களின் நிலைகளை ஆண்டுக்கணக்கில் அலசி, 1609இல் இரண்டு விதிகளையும் 1619இல் மூன்றாவதையும் வெளியிட்டார் யோஹான்னஸ் கெப்ளர். கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன. சூரியனுக்கு அருகே விரைந்தும் தொலைவில் மெதுவாகவும் நகர்ந்து சம காலத்தில் சமப் பரப்பைக் கடக்கின்றன. சுற்றுக்காலத்தின் இருமடியை நெட்டச்சில் பாதியின் மும்மடியால் வகுத்தால் எல்லாக் கோள்களுக்கும் ஒரே எண் வருகிறது. இரண்டாம் விதி கோண உந்தம் மாறாமையின் மறுவடிவமே.

கெப்ளர் சொன்னது எப்படி என்பதை. ஏன் என்பதை நியூட்டன் சொன்னார். அவருடைய சோதனைக் கணக்கை ஒரு பிளஸ் ஒன் மாணவர் பத்து நிமிடத்தில் போட்டுவிடலாம். நிலவு புவியின் மையத்திலிருந்து புவி ஆரத்தைப் போல் 60 மடங்கு தொலைவில் இருக்கிறது. ஈர்ப்பு தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் குறையுமானால் அங்கே முடுக்கம் 3,600இல் ஒரு பங்காக இருக்க வேண்டும். 9.8ஐ 3,600ஆல் வகுத்தால் 0.00272. இனி நிலவின் பாதையிலிருந்து நேராகக் கணக்கிடலாம். 3,84,000 கிலோமீட்டர் ஆரத்தில் 27.3 நாளுக்கு ஒருமுறை சுற்றும் பொருளின் மையநோக்கு முடுக்கமும் வினாடிக்கு வினாடி 0.00272 மீட்டர் என்றே வருகிறது. மரத்திலிருந்து காய் விழுவதும் நிலவு சுற்றுவதும் ஒரே விதியால் என்பது இந்த இரண்டு எண்களின் பொருத்தத்தில் நிலைநாட்டப்படுகிறது.

அந்த விதியில் வரும் ஈர்ப்பு மாறிலி 6.67 × 10⁻¹¹ என்ற மிகச் சிறிய எண். 1797-98இல் ஹென்றி கேவண்டிஷ் பெரிய ஈயக் குண்டுகள் சிறிய குண்டுகளை இழுப்பதை ஒரு மெல்லிய கம்பியின் முறுக்கலால் அளந்தார். புவியின் அடர்த்தி நீரைப் போல் ஏறத்தாழ ஐந்தரை மடங்கு என்று அவர் கண்டது இன்றைய மதிப்புக்கு மிக நெருக்கமானது.

விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதப்பதால் அங்கே ஈர்ப்பு இல்லை என்று நினைப்பது பரவலான தவறு. 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு தரைமட்டத்தில் உள்ளதில் கிட்டத்தட்ட 90 விழுக்காடு இருக்கிறது. நிலையமும் அதில் உள்ளவர்களும் ஒரே முடுக்கத்தில் விழுந்துகொண்டே சுற்றுவதால் எடையற்ற நிலை தோன்றுகிறது.

பருப்பொருள்

கம்பியை இழுத்தால் நீள்கிறது. விட்டால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. மீட்சி எல்லைக்குள் தகைவும் திரிபும் நேர்த்தகவில் இருக்கும் என்பது ஹூக் விதி. அந்தத் தகவு மாறிலியே யங் குணகம். எஃகுக்கு இது சதுர மீட்டருக்குச் சுமார் 2 × 10¹¹ நியூட்டன். ரப்பருக்கு இதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவு. ஆகவே இயற்பியலின் அளவுகோலில் ரப்பரைவிட எஃகே மீட்சித்தன்மை மிக்கது. எளிதில் நீள்வதை வைத்து மீட்சியை அளப்பதில்லை. உருமாற்றத்தை எதிர்ப்பதை வைத்தே அளக்கிறோம்.

பாய்மங்களில் பாஸ்கல், ஆர்க்கிமிடிஸ், பெர்னோலி ஆகியோரின் விதிகள் வருகின்றன. பெர்னோலியின் தேற்றம், ஓடும் நீருக்குப் பொருத்திய ஆற்றல் மாறாமையே. பாகியல் இல்லாவிட்டால் ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் மழைத்துளி மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் தலையில் இறங்கும். வேகம் கூடக்கூடக் காற்றின் தடையும் கூடி, எடையோடு அது சமமானதும் முடுக்கம் நின்றுவிடுகிறது. அதற்குமேல் துளி மாறாத வேகத்தில் விழும். அதுவே முற்றுத் திசைவேகம். பெரிய துளிக்கும் அது வினாடிக்கு 9 மீட்டர் அளவுதான்.

வெப்பம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெப்பம் ஒரு கண்ணுக்குத் தெரியாத பாய்மம் என்ற கருத்து வலுவாக இருந்தது. மான்செஸ்டர் அருகே வாழ்ந்த ஜேம்ஸ் ஜூல் 1840களில், விழும் எடைகளால் துடுப்பு ஒன்றைச் சுழற்றி நீரைக் கலக்கி, வெப்பநிலை எவ்வளவு உயர்கிறது என்று அளந்தார். செய்த வேலைக்கு ஏற்ற வெப்பம் தவறாமல் கிடைத்தது. இன்றைய மதிப்பில் ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை சூடாக்க 4,186 ஜூல் வேண்டும். அதே நீர் 427 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது கிடைக்கும் ஆற்றலுக்கு அது சமம். உயரம் பெரிது, வெப்பநிலை உயர்வோ சிறிது. இந்த உறவு நெடுங்காலம் கண்ணில் படாததற்கு இதுவும் ஒரு காரணம்.

வெப்ப இயக்கவியலின் முதல் விதி இந்தச் சோதனைகளின் சாரம். அமைப்புக்குத் தந்த வெப்பம், அதன் அக ஆற்றலைக் கூட்டும் அல்லது வேலையாக வெளிவரும், எதுவும் தொலைவதில்லை. இரண்டாம் விதி இன்னொரு கேள்விக்கு விடை சொல்கிறது. சூடான காபி தானாக ஆறுகிறது. ஆறிய காபி சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துத் தானாகச் சூடாவதில்லை. அப்படி நடந்தாலும் முதல் விதி மீறப்படாது. மாற்றத்துக்கு ஒரு திசை உண்டு என்பதைச் சொல்லத் தனி விதி வேண்டியிருக்கிறது. 1824இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ, வெப்ப இயந்திரத்தின் திறனுக்கு ஓர் உச்சவரம்பு இருப்பதைக் காட்டினார். 800 கெல்வினில் வெப்பத்தை வாங்கி 300 கெல்வினில் வெளியேற்றும் இயந்திரம், எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டாலும், வாங்கிய வெப்பத்தில் 62.5 விழுக்காட்டுக்கு மேல் வேலையாக்க முடியாது. அனல்மின் நிலையங்களுக்குக் குளிர்விப்புக் கோபுரங்கள் தேவைப்படுவதன் அடிப்படைக் காரணம் இதுதான்.

மூலக்கூறுகளின் ஓட்டம்

வாயுவின் அழுத்தம் அதன் மூலக்கூறுகள் சுவரில் மோதுவதால் வருவது. வெப்பநிலை அவற்றின் சராசரி இயக்க ஆற்றலின் அளவு. நியூட்டன் விதிகளை எண்ணற்ற மூலக்கூறுகளுக்குப் பொருத்தி எடுத்த இந்த முடிவு, முதல் அலகுகளில் படித்த இயக்கவியலையும் வெப்பத்தையும் ஒன்றாக்குகிறது. 27 பாகை செல்சியஸில் நைட்ரஜன் மூலக்கூறின் சராசரி இருமடி மூல வேகம் வினாடிக்கு 517 மீட்டர். ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 1,930 மீட்டர். நிலவிலிருந்து விடுபடு வேகம் வினாடிக்கு 2.4 கிலோமீட்டர்தான். சராசரியைவிட வேகமான மூலக்கூறுகள் எப்போதும் சில இருக்கும் என்பதால் நிலவால் வளிமண்டலத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை.

மூலக்கூறுகள் உண்மையில் இருக்கின்றனவா என்ற ஐயம் இருபதாம் நூற்றாண்டுவரை நீடித்தது. 1827இல் ராபர்ட் பிரவுன் நுண்ணோக்கியில் கண்ட துகள்களின் ஓயாத துள்ளலுக்கு 1905இல் ஐன்ஸ்டைன் கணக்கு தந்தார். ழான் பெரன் அதைச் சோதித்து உறுதிசெய்தார். ஐயம் அதோடு தீர்ந்தது.

அலைவுகள்

சமநிலையிலிருந்து விலக விலக, அதற்கு நேர்த்தகவில் திருப்பி இழுக்கும் விசை இருந்தால் பொருள் தனிச்சீரிசையில் அலையும். சுருள்வில்லும் சிறிய கோணத்தில் ஆடும் தனி ஊசலும் இதற்கு எடுத்துக்காட்டுகள்.

ஊசல் சோதனை இந்த ஆண்டின் செய்முறைகளிலேயே செறிவானது. நூலில் கட்டிய உலோகக் குண்டைச் சிறிய கோணத்தில் விலக்கி விடுகிறார் மாணவர். தொங்கவிட்ட புள்ளியிலிருந்து குண்டின் மையம்வரை உள்ளதே நீளம். அதற்காகத்தான் குண்டின் விட்டம் வெர்னியரால் முன்பே அளக்கப்பட்டது. ஓர் அலைவின் நேரத்தை அளக்காமல் 20 அலைவுகளின் நேரம் அளக்கப்படுகிறது. நிறுத்துக் கடிகாரத்தை அழுத்துவதில் விரல் 0.2 வினாடி தாமதித்தாலும், 20ஆல் வகுக்கும்போது பிழை 0.01 வினாடியாகச் சுருங்கிவிடும். நீளம் 1 மீட்டர், 20 அலைவுகளுக்கு 40.2 வினாடி என்றால் அலைவுக்காலம் 2.01 வினாடி. 4π²ஐ நீளத்தால் பெருக்கி அலைவுக்காலத்தின் இருமடியால் வகுத்தால் 9.77 வருகிறது. நீளத்தை மாற்றி மாற்றிச் செய்தாலும் நீளத்துக்கும் அலைவுக்காலத்தின் இருமடிக்கும் உள்ள தகவு பிழை எல்லைக்குள் மாறுவதில்லை. ஒரு நூலையும் ஒரு குண்டையும் கொண்டு புவி தன் பரப்பில் தரும் முடுக்கத்தை மாணவர் தாமே அளந்துவிடுகிறார்.

அலைகள்

அலைவு இடம்விட்டு இடம் பரவினால் அலை. ஆற்றல் நகர்கிறது, ஊடகம் தன் இடத்திலேயே அதிர்கிறது. காற்றில் ஒலியின் வேகத்தைக் கோட்பாட்டால் கணக்கிட்ட நியூட்டனின் முறைப்படி சுழி பாகையில் வினாடிக்கு 280 மீட்டர் வந்தது. அளந்த மதிப்போ 331. ஒலி பரவும்போது காற்றின் வெப்பநிலை மாறாது என்று அவர் கொண்டதே பிழை. அழுத்தமும் தளர்வும் மிக விரைவாக நடப்பதால் வெப்பம் வெளியேற நேரமில்லை என்று லாப்லாஸ் திருத்தினார். காற்றின் இரு தன்வெப்பங்களின் தகவான 1.4இன் இருமடி மூலத்தால் பெருக்கியதும் கணக்கு சோதனையோடு பொருந்தியது. வெப்ப இயக்கவியல் தெரியாமல் ஒலியைப் புரிந்துகொள்ள முடியாது என்பதால்தான் அலைகள் கடைசி அலகாக வைக்கப்பட்டிருக்கின்றன.

இருமுனையும் கட்டிய கம்பியில் நிலை அலைகள் தோன்றும். அவற்றின் அதிர்வெண்கள் அடிப்படை அதிர்வெண்ணின் 1, 2, 3, 4 என்ற முழு மடங்குகள். வீணைத் தந்தியின் ஒலி இனிமையாக இருப்பதற்கு இந்த ஒழுங்கு காரணம். வட்டமான தோலுக்கு இந்த ஒழுங்கு கிடையாது. சீரான தோலின் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று முழு எண்ணோடு ஒட்டாமல் போகும். சாதாரணப் பறையின் ஒலியில் தெளிவான சுருதி எழாததற்கு இதுவே காரணம். மிருதங்கம் விதிவிலக்கு. அதன் வலந்தலையின் நடுவே கல்பொடியும் சோறும் சேர்த்து அடுக்கடுக்காகப் பூசிய கரும்பகுதி தோலின் நடுப்பகுதிக்கு எடை கூட்டி, மேற்சுரங்களை முழு மடங்குகளுக்கு நெருக்கமாக இழுத்துவருகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன், ஒளிச்சிதறல் ஆய்வுக்கு முன்பே இதை ஆராய்ந்து 1920இல் நேச்சர் இதழில் இணை ஆய்வாளர் ஒருவரோடு வெளியிட்டார். தோலின் முதல் ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து சீரிசைகளுக்குள் அடங்குகின்றன என்பது அவர் தொடர்ந்து செய்த ஆய்வின் முடிவு. மிருதங்கம் செய்பவர்கள் தலைமுறைகளாகக் காதால் கண்டறிந்ததை இயற்பியல் எண்ணால் உறுதிசெய்தது.

நெருங்கி வரும் வண்டியின் ஒலி உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் கேட்பது டாப்ளர் விளைவு. 1842இல் விளக்கப்பட்ட இந்த விளைவு, இன்று வண்டிகளின் வேகத்தை அளக்கவும் விண்மீன் திரள்கள் விலகுவதை அறியவும் பயன்படுகிறது.

பாடத்தின் எல்லை

பிளஸ் ஒன் இயற்பியல் பெரும்பாலும் 1900க்கு முன் கண்டறியப்பட்டது. ஒளியின் வேகத்தை நெருங்கும் பொருள்களுக்கு நியூட்டனின் இயக்கவியல் பொருந்தாது. அங்கே சார்பியல் வேண்டும். அணுவுக்குள் குவாண்டம் விதிகள் ஆட்சி செய்கின்றன. ஆயினும் இந்த ஆண்டில் கற்ற மூன்று மாறாமைகள் அந்த இரு களங்களிலும் நிலைத்து நிற்கின்றன. 1918இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் எம்மி நோதர் இதன் காரணத்தை நிறுவினார். இயற்கையின் விதிகள் இன்றும் நாளையும் ஒன்றாக இருப்பதால் ஆற்றல் மாறாது. இங்கும் அங்கும் ஒன்றாக இருப்பதால் உந்தம் மாறாது. எத்திசையிலும் ஒன்றாக இருப்பதால் கோண உந்தம் மாறாது. களிமண்ணில் விழுந்த குண்டிலும் உருளும் வளையத்திலும் சுற்றும் கோளிலும் தனித்தனியாகக் கண்ட உண்மைகள் இந்த ஒரே தேற்றத்தில் சேர்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் வரும் மின்னோட்டச் சுற்றுகளிலும் ஒளிமின் விளைவிலும் அணுக்கருச் சிதைவிலும் மாணவர் தொடங்கும் முதல் சமன்பாடு பெரும்பாலும் ஆற்றல் மாறாமையாகவே இருக்கும். பதினொன்றாம் வகுப்பின் பதினோரு அலகுகள் அதற்கான அடித்தளம்.